பியானோ வாசிப்பவருக்கு இசையமைப்பாளர் எழுதிய பாராட்டுக் கடிதம்: ஐவ்ஸ், கேர்க்பட்ரிக், அப்புறம் நாங்கள்

கறுப்புக்கட்டை:
போன கிழமை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றியது. நவீன இசையமைப்பாளர் ஒருவர் பியானோக் கலைஞர் ஒருவரைப் பாராட்டித் தன் கைப்பட எழுதிய கடிதம் என்று கீழே போட்டிருந்தார்கள். யார் எழுதியது, யாருக்கு, எந்தக் கச்சேரிக்குப் பிறகு என்று ஒருவரும் கேட்கவில்லை. "என்ன வடிவான எழுத்து", "இப்படி ஒன்று கிடைத்தால் வேறென்ன வேண்டும்" என்று கைகூப்பும் பொம்மைகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. எனக்குச் சரியான எரிச்சல்.

ஏனென்றால் இந்த வகைக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை சார்ல்ஸ் ஐவ்ஸ் என்ற அமெரிக்கரிடமிருந்து ஜோன் கேர்க்பட்ரிக் என்ற பியானோக் கலைஞருக்குப் போனவை. அந்தக் காலத்து ஐவ்ஸ் கடிதங்களில் பல அவருடைய கையெழுத்திலேயே இல்லை! அவருக்குக் கை நடுக்கம், கண்ணும் மங்கிவிட்டது, நீரிழிவு வேறு. பென்சிலால் கிறுக்கிக் கொடுப்பார், மனைவி ஹார்மனியோ மகள் ஈடித்தோ அதைத் துப்புரவாக எழுதி அனுப்புவார்கள். பல கடிதங்கள் மனைவியே எழுதுவதுபோல, "மிஸ்டர் ஐவ்ஸ் இப்படி நினைக்கிறார்" என்ற தோரணையில் போகும். அப்படியென்றால் "கைப்பட எழுதிய பாராட்டு" என்று நாங்கள் கும்பிடுவது எதை?

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஐவ்ஸ் 1874-இல் பிறந்தவர், தொழில் ஆயுட்காப்புறுதி, சொந்தமாக ஏஜென்சி வைத்து நன்றாக உழைத்தவர். இசை எழுதியது இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும். கொன்கோர்ட் சொனாட்டா என்ற பெரிய பியானோப் படைப்பை 1920-இல் சொந்தக் காசில் அச்சடித்து, கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் தபாலில் இலவசமாக அனுப்பினார். வந்த பதில்களில் பாதி நக்கல். அந்தப் பிரதிகளில் ஒன்றை 1927-இல் பாரிசில் ஒரு பியானோக் கலைஞரின் வீட்டில் கேர்க்பட்ரிக் கண்டார், அப்போது அவருக்கு வயது 22. முழுவதையும் நியூயோர்க்கில் ரவுன் ஹோல் என்ற கச்சேரி மண்டபத்தில் அவர் வாசித்தது 1939 ஜனவரி 20. இடையில் பத்து வருடத்துக்கு மேல்! அந்த இடைக்காலக் கடிதங்களைப் பற்றித்தான் கதைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சுண்டுக்குழிச் சந்தி:
அக்கா, அச்சடித்தது சொந்தக் காசு, அனுப்பியது இலவசம், காப்புறுதி ஏஜென்ட் என்றால் ஆளுக்கு நல்ல வசதி போல. எங்கள் பக்கம் கவிதைப் புத்தகம் போடுகிறவர்களும் இதைத்தானே செய்கிறார்கள், வெளியீட்டு விழாவில் முதற் பிரதி வாங்க ஒரு கடைக்காரரைப் பிடிப்பது மட்டும் மேலதிகம் :)

தவில்காரன் பேரன்:
எனக்குப் பியானோ தெரியாது, ஆனால் இதைச் சொல்ல வேண்டும். கடிதம் என்பது எங்கள் இசையில் பெரிய விசயமே கிடையாது. கோயில் திருவிழாவில் இரவு தவில் சமா, அதாவது வித்துவான்கள் எதிரெதிரே இருந்து வாசிப்பது, நடக்கும்போது பாராட்டு அந்த இடத்திலேயே விழுந்துவிடும். எதிரே இருக்கிற வித்துவான் தலையை ஆட்டுகிற விதத்தைப் பார்த்தாலே வாசித்தவருக்குத் தெரியும், கோர்வை (கணக்குப் போட்ட தாள முடிப்பு) சரியாக வந்து சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்தில்) விழுந்ததா, அல்லது சனம் சும்மா கைதட்டுகிறதா என்று. யாழ்ப்பாணத்து இணுவிலில் பிறந்து வளர்ந்த எனக்குத் தவில் வித்துவான் தட்சிணாமூர்த்தி ஐயாவின் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் மெய் சிலிர்க்கும். அவர் 1975-இல் போய்விட்டார், நான் அவரைக் கண்டதே இல்லை, ஒலிப்பதிவில் கேட்டதுதான். அவரை யார் கடிதத்தில் பாராட்டினார்கள் என்று ஒருவரும் தேடுவதில்லை.

அதனால் வெள்ளைக்காரர் ஏன் இந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. கேட்டவர் நேரே சொன்னால் போதாதா?

கறுப்புக்கட்டை:
தம்பி, நல்ல கேள்வி. உங்கள் சமாவில் வாசிப்பவரும் படைப்பவரும் ஒருவரே, மேடையிலேயே உருவாகிறது, கேட்கிறவரும் பக்கத்திலேயே இருக்கிறார். ஐவ்ஸ் விசயத்தில் எழுதியவர் ஒரு ஊரில், வாசிப்பவர் வேறொரு ஊரில், நடுவில் இருப்பது அச்சடித்த தாள் மட்டும். அந்தத் தாளும் எப்படிப்பட்டது தெரியுமா? பெரும்பாலான இடங்களில் தாளம் பிரிக்கிற கோடே கிடையாது. எங்கே அடி விழுகிறது என்பதை வாசிப்பவரே உணர்ந்து பிரிக்க வேண்டும். அதற்கு மேல் ஐவ்ஸ் தன் பிரதிகளில் ஓயாமல் திருத்திக்கொண்டே இருந்தவர், அந்தச் சொனாட்டா ஒருபோதும் முடிந்ததாகத் தனக்குத் தோன்றியதில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். இந்த நிலையில் கேர்க்பட்ரிக் என்ன செய்ய முடியும், கடிதம் எழுதிக் கேட்பதைத் தவிர? இந்தச் சுரம் அச்சுப்பிழையா, இதற்கு வேறு வடிவம் இருக்கிறதா என்று கேட்டுக்கேட்டே அவர் வாசிப்பு உருவானது.

நான் சொல்ல வருவது இதுதான், பாராட்டு வரி அந்தக் கடிதங்களில் மிகச் சின்னப் பகுதி. அதற்குப் பெறுமதி வந்தது அதற்கு முன்னால் நடந்த இந்தக் கேள்வி பதிலால்.

ரொறன்ரோ குளிர்:
கொன்கோர்ட் சொனாட்டாவை இங்கே ஒரு சின்ன மண்டபத்தில் நேரே கேட்டிருக்கிறேன். முதல் பகுதி எமர்சன், எனக்கு மண்டை வலி வந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. இரண்டாவது ஹோதோர்ன், ஒரே ஓட்டம். மூன்றாவது அல்கொட் குடும்பம் வந்ததும் முழு மண்டபமும் இறுக்கம் விட்டு அமர்ந்தது, அவ்வளவு எளிமையான, வீட்டுக்குள் கேட்கிற இசை, பெத்தோவனின் ஐந்தாவது சிம்பனியின் அந்த நாலு தட்டு கூட அதில் ஒரு வீட்டுப் பியானோவில் பிள்ளை வாசிப்பதுபோல வரும். கடைசி தோரோ. இந்தப் பெயர்க்காரர் எல்லோருமே மசசூசெட்ஸ் மாநிலத்தின் கொன்கோர்ட் ஊர்க்காரர், எழுத்தாளர்கள்.

ஆனால் அக்கா, ஒன்று கேட்கிறேன். ஐவ்ஸ் பாராட்டியதால் கேர்க்பட்ரிக் வாசித்தது சரி என்று ஆகுமா? இசையமைப்பாளர் பாராட்டிவிட்டார் என்று பிற்காலத்தில் வருகிறவர்கள் எல்லாரும் அதையே பின்பற்ற வேண்டுமா?

கறுப்புக்கட்டை:
ஆகாது. ஐவ்ஸே அப்படி நினைத்தவர் இல்லை, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வாசிக்க வேண்டும் என்று அவர் கேட்கவே மாட்டார். இன்னொரு சுவையான விசயம், 1947-இல் சொனாட்டாவின் இரண்டாம் பதிப்பு வந்தபோது ஐவ்ஸ் பல இடங்களில் முரண் சுரங்களை (காதுக்கு ஒன்றோடொன்று உரசுகிறவை) கூட்டியிருந்தார். கேர்க்பட்ரிக் எல்லாவற்றையும் ஏற்கவில்லை, சில இடங்களில் பழைய பதிப்பே நல்லது என்று அதையே வாசித்தார். எழுதியவரைத் தெய்வமாக மதித்த மனிதர், ஆனால் சுரம் என்று வந்தால் தன் காதைக் கேட்டார். எனக்கு அவரில் பிடித்ததே அதுதான்.

பழைய பேப்பர்:
உள்ளே வரலாமா. நான் ஆவணம் பேணும் வேலையோடு தொடர்புள்ள ஆள், அதனால் தாளைப் பற்றியே கதைப்பேன்.

மேலே அக்கா கேட்டார், மனைவி எழுதியது கைப்பட எழுதியது ஆகுமா என்று. ஆவணக்காரர் பார்வையில் இங்கே இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று ஐவ்ஸ் கிறுக்கிய வரைவு, அது வீட்டிலேயே தங்கியது. மற்றது போய்ச் சேர்ந்த துப்புரவான பிரதி. ஐவ்ஸ் 1954-இல் இறந்த பிறகு ஹார்மனி அவருடைய தாள்களை யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அவற்றை வருடக்கணக்காக இருந்து ஒழுங்குபடுத்தி 1960-இல் பட்டியல் தயாரித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே ஜோன் கேர்க்பட்ரிக். கடிதம் பெற்றவரே கடைசியில் எழுதியவரின் தாள்களுக்குக் காவல்காரர். ஐவ்ஸின் நினைவுக் குறிப்புகளையும் அவரே பதிப்பித்து 1972-இல் வெளியிட்டார்.

அந்த வரைவுகள் இருப்பதால்தான் எது ஐவ்ஸின் வசனம், எது ஹார்மனி மென்மையாக்கியது என்று இன்றைக்கு ஒப்பிட முடிகிறது. ஐவ்ஸ் கோபக்காரர், வரைவில் காரம் கூட. எங்கள் வீடுகளில் என்ன செய்கிறோம்? துப்புரவாக எழுதியதும் வரைவைக் கசக்கி எறிந்துவிடுகிறோம்.

சுண்டுக்குழிச் சந்தி:
வீட்டில் எறியாவிட்டாலும் இடப்பெயர்வில் போனது எவ்வளவு. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது 97,000 புத்தகங்கள் போனதைக் கதைக்கிறோம், வீட்டு றங்குப் பெட்டிகளில் போன கடிதங்களுக்கு ஒரு கணக்கும் இல்லை.

பழைய பேப்பர்:
ஓம். அதனால் மிச்சமிருப்பதைப் பற்றியாவது சொல்கிறேன். யாராவது பழைய இசை ஆசிரியர் எழுதிய கடிதமோ சுரத்தாளோ வைத்திருந்தால் தயவுசெய்து லமினேற் பண்ணாதீர்கள். சூட்டில் ஒட்டும் பிளாஸ்ரிக் பிறகு தாளை விட்டு வராது. செலோரேப்பும் வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகி மையையும் இழுத்துக்கொள்ளும். எங்கள் ஊர் ஈரக்காற்றுக்குச் சுவரோடு ஒட்டிய அலுமாரி கூடாது, கறையான் அங்கேதான் முதலில் ஏறும். அமிலம் இல்லாத தாளுறையில் போட்டு, வெயில் படாமல், மடிக்காமல் வையுங்கள். போனில் படம் எடுத்து வைப்பதை விட ஸ்கான் செய்வது நல்லது, பின்பக்கத்தையும் கடித உறையையும் சேர்த்து. உறையில் இருக்கும் தபால் முத்திரைதான் பல நேரம் திகதியைச் சொல்லும். நூலகம் என்ற பெயரில் இயங்கும் நிறுவனம் எண்ணிம ஆவணமாக்கும் வேலையை 2005 முதல் செய்து வருகிறது, அவர்களிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

கிறேட் ஃபைவ் பயம்:
வணக்கம் அக்கா. நான் ஏஎல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளை, பியானோவும் படிக்கிறேன், இங்கிலாந்து இசைத் தேர்வுச் சபையின் சோதனை எடுக்கிறேன். எங்களுக்குச் சோதனை முடிந்ததும் பரீட்சகர் எழுதிய தாள் ஒன்று வரும், அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் ரெண்டு மூன்று வரி இருக்கும். எனக்கு அதில் கிடைக்கிற புள்ளியை விட அந்த வரிகள்தான் பிடிக்கும், "இடது கை கொஞ்சம் முந்துகிறது" மாதிரி இருக்கும். அம்மா புள்ளியை மட்டும் பார்த்துவிட்டுச் சட்டம் போடக் கொடுத்துவிடுவா. நான் கேட்க வந்தது வேறு. ஹோதோர்ன் பகுதியில் பலகையால் வாசிப்பார்கள் என்று யூரியூப்பில் பார்த்தேன், உண்மையா? பலகையால் அடித்தால் அதற்கு எதற்குப் பாராட்டு :D

கறுப்புக்கட்டை:
உண்மை. 14¾ அங்குல நீளப் பலகை, 37 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல், ரெண்டு ஓக்ரேவுக்கு (ஸ முதல் மேல் ஸ வரை ஒரு ஓக்ரேவ்) கொஞ்சம் கூட மூடும். அதால் அடிக்கவே கூடாது. கட்டைகள் இறங்குகிற அளவு பாரம் மட்டும் கொடுத்து மெதுவாக அழுத்த வேண்டும், சத்தம் மிகச் சின்னதாக, கீழே இடது கை தன்பாட்டில் நகர மேலே ஒரு புகை மாதிரி நிற்க வேண்டும். எல்லாக் கட்டையையும் ஒரே நேரத்தில், ஒன்றுகூட முந்தாமல், அவ்வளவு மெதுவாக இறக்கிப் பாருங்கள், பிறகு பாராட்டு எதற்கு என்று விளங்கும். உங்கள் பரீட்சகர் சொன்ன "முந்துகிறது" இங்கேயும் வரும் தம்பி.

அந்தப் பரீட்சகர் தாளைப் பற்றி நீங்கள் சொன்னது மிகச் சரி. எந்த இடம், எந்தக் கை, என்ன நடந்தது என்று சொல்கிறவர் கேட்டிருக்கிறார். "தங்கள் இசை தேனாக இனித்தது" என்று எழுதுகிறவர் கேட்காமலே எழுதலாம். எங்கள் விழாக்களில் கொடுக்கிற வாழ்த்து மடல்களை எடுத்துப் பாருங்கள், பெயரை மாற்றினால் பரதம் ஆடியவருக்கும் பொருந்தும், ஓய்வு பெறுகிற அதிபருக்கும் பொருந்தும்.

நல்லூர்ப் பக்கம்:
வாழ்த்து மடலைக் கண்டபடி பேசாதீர்கள் தங்கச்சி. நான் பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது கலை விமர்சனம் இல்லை, சபை மரியாதை. ஒரு மிருதங்க ஆசிரியர் முப்பது நாற்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், அவருக்கு ஊர் கூடி ஒரு பொன்னாடை போடுகிறது, அங்கே போய் "மூன்றாம் காலத்தில் (வேக நடையில்) உங்கள் தீர்மானம் (தாள முடிப்பு) தடுமாறியது" என்று எழுதிக் கொடுப்பதா? அமெரிக்காவில் கேர்க்பட்ரிக்குக்கும் அந்த மரியாதையை யாரோ செய்திருப்பார்கள். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

கறுப்புக்கட்டை:
ஐயா, சபை மரியாதையை நான் குறை சொல்லவில்லை, அதைப் பிறகு கலைக்குச் சான்றாகக் காட்டுவதுதான் பிரச்சினை. வாழ்க்கைக் குறிப்பில் "இன்னாரால் பாராட்டப் பெற்றவர்" என்று வரும், எதற்குப் பாராட்டினார் என்று வராது. இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நல்லூர்ப் பக்கம்:
சரி, நானும் விடமாட்டேன். மற்றவர்கள் தொடருங்கள்.

ரொறன்ரோ குளிர்:
பாராட்டுக் கடிதத்தின் மறுபக்கம் ஒன்று சொல்கிறேன், இதுவும் ஐவ்ஸ்தான். எலியட் கார்ட்டர் என்று ஒரு பெரிய இசையமைப்பாளர், 103 வயது வரை வாழ்ந்தவர். பள்ளிக்கூடப் பெடியனாக இருந்தபோதே ஐவ்ஸோடு பழக்கம், ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தபோது பரிந்துரைக் கடிதம் கொடுத்ததே ஐவ்ஸ். அப்புறம் 1939-இல் ரவுன் ஹோலில் கேர்க்பட்ரிக் வாசித்ததும் நியூயோர்க் ஹெரல்ட் ட்ரிபியூனில் லோரன்ஸ் கில்மன் அமெரிக்கர் ஒருவர் எழுதியவற்றிலேயே மிகப் பெரிய இசை என்று தூக்கி வைத்து எழுதினார். அதே வருடம் ஒரு சஞ்சிகையில் கார்ட்டர் சொனாட்டாவைப் பிடித்துக் கிழித்து எழுதினார். தனக்காகக் கடிதம் கொடுத்த மனிதரை!

சுண்டுக்குழிச் சந்தி:
நன்றி கெட்ட வேலை.

ரொறன்ரோ குளிர்:
நான் அப்படி நினைக்கவில்லை. கடிதம் கொடுத்தார் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? அந்த விமர்சனம் எழுதியது கார்ட்டருக்கே பிறகு பாரமாகத்தான் இருந்தது, 1940-களில் ஐவ்ஸின் கைப்பிரதிகளை ஒழுங்குபடுத்தவும் முயன்றார். ஆனால் எழுதிய நேரத்தில் தன் காதுக்குப் பட்டதை எழுதினார். கேர்க்பட்ரிக் இரண்டாம் பதிப்பில் செய்ததும் இதே வேலைதானே, கொஞ்சம் மரியாதையாகச் செய்தார், அவ்வளவுதான்.

தவில்காரன் பேரன்:
இதை வாசித்தபிறகு எனக்கு ஒன்று விளங்குகிறது. எங்கள் ஊரிலும் வீரமணி ஐயர் மயிலாப்பூர் கற்பகாம்பாள் மேல் எழுதிய பாட்டை டி.எம். சௌந்தரராஜன் பாடித்தான் தமிழ் உலகம் முழுக்கத் தெரிந்தது. எழுதியவர் இணுவில் என்பது பாடுகிற பாதிப் பேருக்குத் தெரியாது. அப்போது நாங்கள் எப்போதும் எழுதியவருக்குப் பெயர் வரவில்லையே என்றுதான் குறைப்படுகிறோம். அங்கே கேர்க்பட்ரிக் இல்லாவிட்டால் ஐவ்ஸ் என்ற பெயரே காப்புறுதிக் கந்தோரோடு போயிருக்கும் போல.

கறுப்புக்கட்டை:
முழுக்க அப்படிச் சொல்ல முடியாது, 1939-க்கு முன்பும் அவருக்காக உழைத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பெரிய திருப்பம் அதுதான். அடுத்த மாதமே ரவுன் ஹோலில் முழுக்க ஐவ்ஸின் படைப்புகளோடு இன்னொரு கச்சேரி வைத்தார்கள். 1945-இல் கேர்க்பட்ரிக் ஒலிப்பதிவு செய்தது 1948-இல் இசைத்தட்டாக வந்து நன்றாக விற்றது. 1947-இல் ஐவ்ஸின் மூன்றாம் சிம்பனிக்குப் புலிட்சர் பரிசு, அதை எழுதி முடித்து முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு. பரிசெல்லாம் சின்னப் பெடியங்களுக்கு என்று சொல்லிக் காசைப் பிரித்துக் கொடுத்துவிட்டதாகச் சொல்வார்கள்.

வட்டுக்கோட்டை வெயில்:
தாமதமாக வருகிறேன். ஐவ்ஸ் எங்களுக்குத் தொடர்பில்லாத ஆள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் வளர்ந்தது நியூ இங்கிலாந்துத் தேவாலயப் பாட்டுகளில், பதினான்கு வயதிலிருந்தே கோயிலில் ஓர்கன் வாசித்தவர். அதே நியூ இங்கிலாந்திலிருந்துதான் 1816-இல் அமெரிக்க மிசன்காரர் யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் வந்தார்கள், வட்டுக்கோட்டைச் செமினரி என்ற கல்விக்கூடமும் உடுவில் பெண்கள் பள்ளியும் அவர்கள் தொடங்கியவை. எங்கள் பாட்டிமார் ஹார்மோனியத்தோடு பாடிய தேவாலயப் பாட்டு மெட்டுகள் பல அங்கிருந்து வந்தவை. கொன்கோர்ட் சொனாட்டாவிலேயே பெத்தோவனின் நாலு தட்டு ஒரு மிசனரிக் கீதத்தின் தொடக்கத்தோடு கலந்து வரும்.

இன்னொன்று, ஐவ்ஸின் முதலாவது நால்வர் தந்தி இசையில் முதல் பகுதி லோவெல் மேசன் மெட்டமைத்த ஒரு மிசனரிப் பாட்டின் மேல் கட்டியது, பிறகு அதையே நாலாம் சிம்பனியிலும் போட்டார். அந்தப் பாட்டின் வரிகள் ஹீபர் என்ற ஆங்கிலேயக் குரு 1819-இல் எழுதியவை, அதில் இலங்கைத் தீவு பெயரோடு வரும். வாசனைக் காற்று மெல்ல வீசுகிறது, காட்சியெல்லாம் அழகு, மனிதன் மட்டும் இழிந்தவன் என்று! இழிந்தவர் என்றது எங்களைத்தான். மெட்டு அருமை, வரியை நினைத்தால் கோபம் வருகிறது. நான் சின்னனில் அதைப் பாடியே வளர்ந்தவன்.

சுண்டுக்குழிச் சந்தி:
ஐயோ அந்தப் பாட்டா!! எங்கள் பள்ளிப் பழைய பாட்டுப் புத்தகத்தில் இருந்தது. நல்ல காலம் ஐவ்ஸ் மெட்டை மட்டும் எடுத்தார்.

கிறேட் ஃபைவ் பயம்:
அக்கா, பலகை செய்துவிட்டேன், அப்பாவின் மிச்சப் பலகையில், அடியில் துணி ஒட்டி. என்னிடம் எலெக்ட்ரிக் கீபோட் தான். மெதுவாக அழுத்தினால் சில கட்டை சத்தமே வருவதில்லை, கொஞ்சம் பாரம் கூடினால் எல்லாம் ஒரேயடியாகக் கத்துகிறது. இது என் கையின் பிழையா, கீபோட்டின் பிழையா?

கறுப்புக்கட்டை:
பெரும்பாலும் கீபோட். அது கட்டை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளந்துதான் சத்தம் போடும், மிக மெதுவாக இறங்கினால் சில கட்டைகளைக் கணக்கில் எடுக்காது. விலை குறைந்தவற்றில் ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களுக்கும் எல்லை உண்டு. உண்மையான பியானோவில் பெடலை மிதித்துக்கொண்டு வைத்தால் மற்றத் தந்திகளும் சேர்ந்து அதிரும். உங்கள் ரீச்சரிடம் கேட்டு அவரின் பியானோவில் ஒருமுறை முயன்று பாருங்கள், ஆனால் பலகையின் மூலைகளை முதலில் அரத்தாள் போட்டுத் தேயுங்கள், கட்டையில் கீறல் விழுந்தால் எனக்குத்தான் பேச்சு விழும். வாசித்த பிறகு எந்தக் கட்டை முந்தியது என்று இங்கே எழுதுங்கள்.